பந்து உதைத்தவனுக்கு என்ன கூலி?

2025 ஜனவரியில் பத்மஸ்ரீ விருதுப் பட்டியல் வெளியானபோது அதில் திருச்சூர்க்காரரான கால்பந்து வீரர் ஐ.எம். விஜயனின் பெயரும் இருந்தது. எங்கள் வளவில் வாரம் ஒருமுறை கூடும் படிப்பு வட்டத்தில் அந்தச் செய்தியை வாசித்துக் காட்டினேன். இரண்டு பேர் இரண்டு கேள்வி கேட்டார்கள். கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன், "அண்ணா, அவரு நம்மாளுங்ளா?" என்றான். வாசப்படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த என் சித்தப்பா, "அது கெடக்குது அப்புனு. ஆட்டம் முடிஞ்ச பொறகு அவருக்கு வேலை இருந்துச்சா, அதைச் சொல்லு" என்றார்.

இரண்டுமே நியாயமான கேள்விகள்தாம். ஆனால் விஜயனைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை சித்தப்பாவின் கேள்விக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை. ஏழையாகப் பிறந்தார், மைதானத்தில் சோடா விற்றார், திறமையால் உயர்ந்தார், நாட்டுக்குப் பெருமை சேர்த்தார் என்று நான்கு வரியில் ஒரு வாழ்க்கையைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். விற்றவனுக்கும் உயர்ந்தவனுக்கும் நடுவில் யார் கூலி கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. வயலில் நம் பாட்டன் கொடுத்த உழைப்பு வரலாற்றில் ஏறாமல் போனது போலவே, மைதானத்தில் கொடுத்த உழைப்பும் உழைப்பாகக் கணக்கில் ஏறவில்லை. அதை 'விளையாட்டு' என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பார்க்கும் ஒரு முயற்சி.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். பந்தைப் பற்றி நம் இலக்கியம் என்ன சொல்கிறது என்று தேடியதுண்டு. சிலப்பதிகாரத்தில் கந்துகவரி இருக்கிறது. பெருங்கதையில் பந்தடிப்பதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பந்தடிக்கும் பெண்ணின் வளையும் கூந்தலும் அழகாக வருகின்றன. பந்தடித்தால்தான் அன்றைக்கு வீட்டில் உலை கொதிக்கும் என்ற நிலையில் உள்ள ஓர் ஆளை அங்கே நான் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட ஆள் உலக வரலாற்றில் எப்போது வந்தான் என்று தேடினால், அவன் ஒரு பஞ்சாலை ஊரிலிருந்து வருகிறான்.

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் மான்செஸ்டரைச் சுற்றி எல்லாம் பஞ்சாலை ஊர்கள். அதில் ஒன்று பிளாக்பர்ன். 1883இல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி, ஈட்டன் பள்ளியில் படித்த கனவான்களின் அணியை எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் 2-1 என்று தோற்கடித்தது. வென்ற அணியில் நெசவாளிகள் இருந்தார்கள், இரும்பு வார்ப்படத் தொழிலாளி இருந்தார், குழாய் வேலைக்காரர் இருந்தார். கனவான்களுக்குக் கோபம் வந்தது. ஆடுவதற்குக் காசு வாங்குவது ஆட்டத்தையே அசிங்கப்படுத்துவது என்றார்கள். கனவானுக்கு நிலத்திலிருந்து வருமானம் வரும். அவன் காசு வாங்காமல் ஆடலாம். சனிக்கிழமை மில்லுக்குப் போகாமல் ஆடினால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலையில் உள்ளவன் என்ன செய்வான்? இரண்டு வருடம் சண்டை நடந்து, 1885இல்தான் ஆட்டக்காரன் கூலி வாங்கலாம் என்று விதி வந்தது. 'தொழில்முறை ஆட்டக்காரர்' என்ற சொல்லின் பிறப்பு இதுதான்.

பிரேசிலிலும் இதே கதைதான், அங்கே நிறமும் சேர்ந்துகொண்டது. 1923இல் ரியோ நகரப் போட்டியில் வாஸ்கோட காமா என்ற சங்கம் கறுப்பர்களையும் கலப்பினத்தவர்களையும் வெள்ளைக்காரக் கூலித் தொழிலாளிகளையும் வைத்து ஆடிச் சாம்பியன் ஆகிவிட்டது. மறு வருடம் பெரிய சங்கங்கள் தனியாக ஒரு அமைப்பை உண்டாக்கி, இந்தப் பன்னிரண்டு பேரை நீக்கினால்தான் உங்களைச் சேர்ப்போம் என்றன. சொன்ன காரணம் நிறம் அல்ல, அவர்களுக்குத் தகுந்த தொழில் இல்லை என்பது! வாஸ்கோ மறுத்துக் கடிதம் எழுதியது. அந்த 1924ஆம் வருடத்துக் கடிதத்தை அந்தச் சங்கத்துக்காரர்கள் இன்றும் பெருமையாகக் கொண்டாடுகிறார்கள்.

நம் நாட்டில் இது பந்து உதைப்பவனுக்கு முன்பே பந்து வீசுபவனுக்கு நடந்தது. பல்வங்கர் பாலு 1876இல் சாமர் சாதியில் பிறந்தவர். பூனாவில் பார்சிக்காரர்களின் கிரிக்கெட் மைதானத்தைக் கூட்டிப் பெருக்கி உருளை இழுத்தார். மாதக் கூலி 3 ரூபாய். பிறகு வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்பில் 4 ரூபாய். அங்கே துரைமார்கள் மட்டை பிடித்துப் பழகுவதற்காகப் பந்து வீசிக்கொடுத்தே பெரிய பந்துவீச்சாளர் ஆனார். அவரில்லாமல் ஜெயிக்க முடியாது என்ற நிலை வந்த பிறகு பூனா இந்துக்கள் சேர்த்துக்கொண்டார்கள். களத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். ஆட்ட இடைவேளையில் அவருக்கு மட்டும் பந்தலுக்கு வெளியே மண்குவளையில் தேநீர். 1911இல் இங்கிலாந்து போய் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட் எடுத்துத் திரும்பினார். ஆனாலும் இந்துக்கள் அணிக்குத் தலைமை அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923இல்தான் கிடைத்தது.

பாலுவின் மண்குவளையைப் பற்றி முதல்முறை படித்த அன்று சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு தன் கதையைச் சொன்னார். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் யாரிடமும் சொல்லாத கதை.

எங்கள் ஊர் மதுக்கரையைத் தாண்டிப் பாலக்காட்டு ரோட்டுப் பக்கம் இருக்கிறது. கொங்குநாட்டுக் கிராமங்களில் கபடியும் வாலிபாலும்தான் அதிகம். எங்கள் பக்கம் கேரள எல்லை என்பதால் பந்து உதைப்பதும் உண்டு. சித்தப்பா ஏறத்தாழ விஜயன் வயதுக்காரர். வளவுக்குப் பின்னால் இருந்த புறம்போக்கில், செருப்பில்லாத காலில் பழகினார். அவர் காலில் பந்து சிக்கினால் கோல்தான் என்று பேச்சு பரவியதும், ஊருக்குள்ளிருந்த ஆதிக்கசாதிப் பையன்களின் அணி அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போனது. ஒரு டோர்னமென்டில் இரண்டு கோல் போட்டு ஜெயித்துக் கொடுத்தார். திரும்பும் வழியில் ஊர் டீக்கடை. மற்ற பத்துப் பேருக்கும் கண்ணாடி கிளாஸ். சித்தப்பாவுக்குக் கூரையில் சொருகியிருந்த தனி டம்ளர்.

"நீங்க என்ன பண்ணுனீங்க சித்தப்பா?" என்று கேட்டேன். தட்டிவிட்டு வந்தேன் என்று சொல்வார் என நான் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. இயக்கத்துக்காரன் புத்தி.

"குடிச்சேன். ரெண்டு கோல் போட்டவனுக்குத் தாகம் எடுக்காதா கண்ணு?" என்றார்.

இந்தச் சித்தப்பாதான் 1990இல் பெடரேஷன் கோப்பை இறுதியாட்டம் பார்க்கக் கோயமுத்தூரில் ரயிலேறி, வாளையார்க் கணவாய் வழியாகத் திருச்சூர் போனவர். அங்கே கேரள போலீஸ் அணிக்கும் கோவாவின் சல்கோகர் அணிக்கும் ஆட்டம். போலீஸ் அணி ஜெயித்தது. கேரளத்து அணி ஒன்று அந்தக் கோப்பையை வென்றது அதுதான் முதல்முறை. அந்த அணியில் சத்யன், பாப்பச்சன், ஷரஃப் அலி இவர்களோடு இருபது, இருபத்தொரு வயதில் விஜயன். "காக்கிச்சட்டைக்காரங்களுக்காக நான் கை தட்டுனது வாழ்க்கையில அன்னிக்கு ஒரு நாளுதான்" என்று சித்தப்பா இப்போதும் சொல்வார். காக்கி என்றால் வளவுக்குள் ஜீப் வரும், ஆம்பளைகள் காட்டுக்குள் ஓடவேண்டும் என்று வளர்ந்த தலைமுறை அது.

விஜயன் 1969 ஏப்ரல் 25 அன்று திருச்சூரில் பிறந்தவர். வீட்டுக் கஷ்டத்துக்கு உதவ நகராட்சி ஸ்டேடியத்தில் ஆட்டம் நடக்கும் நாள்களில் சோடா விற்றார். பாட்டிலுக்கு 10 பைசா. எல்லோரும் இதை ஒரு சோகக் காட்சியாக எழுதுகிறார்கள். எனக்கு வேறு விதமாகப் படுகிறது. அந்தப் பையன் அந்த மைதானத்தின் கூலிக்காரனாகத்தான் முதலில் உள்ளே வருகிறான். பூனா மைதானத்தைப் பெருக்கிய பாலு வந்த வாசலும் அதுதான். டிக்கெட் வாங்கி உள்ளே வர முடியாதவர்களுக்கு மைதானத்தில் திறந்திருப்பது வேலைக்காரன் வாசல் ஒன்றுதான்.

அந்த வாசலிலிருந்து களத்துக்குள் கூட்டிக்கொண்டு போனது போலீஸ். 17 வயதில் கேரள போலீஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. இந்தியாவில் பந்து ஆடுபவனுக்குக் கூலி எப்படிக் கிடைத்தது என்பதை இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். இங்கிலாந்தில் போல ஆடுவதற்குக் கூலி என்று நேராக இங்கே யாரும் கொடுக்கவில்லை. வேலை கொடுத்தார்கள். ரயில்வே கொடுத்தது, ராணுவம் கொடுத்தது, வங்கி கொடுத்தது. சென்னையில் ஐ.சி.எஃப்.பும் இந்தியன் வங்கியும், பெங்களூரில் ஐ.டி.ஐ.யும், பம்பாயில் மஃபத்லால் மில்லும் ஆர்கே மில்லும், கேரளத்தில் பிரீமியர் டயர்ஸும் டைட்டானியமும் அணி வைத்திருந்தன. கணக்குப் புத்தகத்தில் அவன் காவலர், குமாஸ்தா, பிட்டர். களத்தில் ஸ்ட்ரைக்கர். இதில் மோசமும் உண்டு, நல்லதும் உண்டு. மோசம் என்னவென்றால், ஆட்டம் அவனுடைய தொழில் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நல்லது என்னவென்றால், கால் உடைந்தாலும் வேலை இருக்கும். நிலம் இல்லாத, கடை இல்லாத வீட்டுப் பையனுக்கு அந்த இரண்டாவது விஷயம் எவ்வளவு பெரியது என்று நமக்குத் தெரியும்.

விஜயன் அந்த நிழலைவிட்டு வெளியே போனார். 1991இல் கல்கத்தாவின் மோகன் பகான். 1889இல் தொடங்கிய சங்கம் அது. 1911 ஜூலையில் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்கார ராணுவ அணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வென்ற சங்கம். மறுபடி கேரள போலீஸ். மறுபடி மோகன் பகான். 1990களின் நடுவில் பஞ்சாபின் பக்வாராவில் ஜே.சி.டி. அது ஒரு பஞ்சாலை அணி. 1997இல் புதிதாகத் தொடங்கிய எஃப்.சி. கொச்சின். மறுபடியும் மோகன் பகான், மறுபடியும் கொச்சின். 2001இல் ஈஸ்ட் பெங்கால். மறுபடி ஜே.சி.டி. பிறகு கோவாவில் ஒரு குடும்பம் நடத்தும் சர்ச்சில் பிரதர்ஸ். கடைசியாக 2006 வரை மீண்டும் ஈஸ்ட் பெங்கால். கேரளம், வங்கம், பஞ்சாப், கோவா என்று நாட்டின் நான்கு மூலையும் இதில் அடங்கிவிட்டது.

பத்திரிகைகள் இதை 'ஊர் ஊராகப் போன நட்சத்திரம்' என்று எழுதும். எனக்கு இந்தப் பட்டியலைப் பார்த்தால் திருப்பூருக்கும் கரூருக்கும் பெங்களூருக்கும் மாறிமாறிப் போகும் எங்கள் வளவுப் பையன்களின் ஞாபகம்தான் வருகிறது. எங்கே ஓவர்டைம் கிடைக்கிறதோ அங்கே. அவருக்குக் கிடைத்த தொகை வேறு, மரியாதை வேறு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஓட்டத்தின் காரணம் ஒன்றுதான். விற்பதற்கு உடம்பு மட்டும் இருக்கிறது, அந்த உடம்புக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது.

அந்தப் பட்டியலில் இந்தியத் தொழில் வரலாறும் இருக்கிறது. முதலில் அரசாங்கத் துறை. பிறகு மில். ஜே.சி.டி. மில் அணி 1996-97இல் நடந்த முதல் தேசியக் கால்பந்து லீகை வென்றது. விஜயனும் பாய்ச்சுங் பூட்டியாவும் அதில் முன்களத்தில் ஆடினார்கள். அடுத்து வந்தது கம்பெனி. எஃப்.சி. கொச்சினில் ஆட்டக்காரனுக்குக் காவலர் வேலையும் இல்லை, மில் வேலையும் இல்லை, ஒப்பந்தம் மட்டும்தான். 1997இல் டுராண்ட் கோப்பையை வென்றார்கள். கேரளத்துக்கு அது முதல்முறை. சில வருடங்களிலேயே கடனில் மூழ்கி அணி காணாமல் போனது. 1998இல் மோகன் பகானிலும் ஈஸ்ட் பெங்காலிலும் ஒரே மதுபானக் கம்பெனி நுழைந்தது. எதிரும் புதிருமாக அடித்துக்கொண்ட இரண்டு சங்கத்தின் சட்டையிலும் ஒரே முதலாளியின் சரக்குப் பெயர். ஜே.சி.டி. மில்லும் 2011இல் அணியைக் கலைத்துவிட்டது.

இந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் சாதனைகள். 1993, 1997, 1999 என்று மூன்று முறை இந்தியாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது. இரண்டாம் முறை அதை வாங்கிய முதல் ஆள் அவர்தான். 1999இல் காத்மாண்டுவில் நடந்த தெற்காசிய விளையாட்டில் பூடானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12ஆவது விநாடியில் கோல். 2003இல் ஐதராபாத்தில் நடந்த ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டில் 34 வயதில் நான்கு கோல் போட்டு, அதிக கோல் அடித்தவராக நாட்டு அணியிலிருந்து விடைபெற்றார். அந்த வருடம் அர்ஜுனா விருது.

போன இடமெல்லாம் அவருக்குப் பெயர் வைத்தார்கள். கேரளத்தில் 'கறுத்த முத்து'. வங்கத்தில் 'காலோ ஹரிண்', அதாவது கறுப்பு மான். அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கும் அதே பெயர். தமிழ்நாட்டுக்கு வந்தபோது 2006இல் 'திமிரு' படத்தில் வில்லன் வேடம். அதில் அவர் பாத்திரத்தின் பெயர் 'பெரியகறுப்பு'. அன்பினால் வைத்தது, ரசனையினால் வைத்தது, பயமுறுத்த வைத்தது என்று மூன்று வகைப் பெயர், மூன்று மொழி. கண்ணில் பட்டது ஒன்றுதான். வெளுத்த ஆட்டக்காரன் எவனுக்காவது 'வெள்ளை முத்து' என்று பெயர் வைத்து நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? வெளுப்பு இங்கே இயல்பு, அதற்குப் பெயர் தேவையில்லை. கறுப்பு மட்டும் எப்போதும் செய்தி. இத்தனைக்கும் அவரை நல்ல நடிகராகப் பார்த்த கண்ணும் உண்டு. ஜெயராஜ் இயக்கிய 'சாந்தம்' மலையாளப் படத்தில் அவர்தான் கதாநாயகன். 2000ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் அது சிறந்த படமாகத் தேர்வானது. தமிழ் சினிமா அவரை அடியாளாகத்தான் பார்த்தது.

இங்கேதான் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். "நம்மாளுங்ளா?" சாதிச் சான்றிதழைத் தேடிப்போய் ஒருவரை நமக்குள் சேர்ப்பது எனக்கு உவப்பான வேலை அல்ல. அவர்கள் அப்படித்தான் தேடினார்கள், விலக்குவதற்காக. பாட்டிலுக்கு 10 பைசா கூலியில் மைதானத்துக்குள் வந்த ஒருவரை, காலைப் பார்த்து விலைபேசி நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள் என்றால், அந்த அனுபவம் நமக்குப் புரிகிற மொழியில் இருக்கிறது. அந்த அளவுக்கு அவர் நம்மாள். அதற்கு மேல் எனக்கு வேண்டியதில்லை.

சித்தப்பாவின் கணக்கு வேறு மாதிரி முடிந்தது. கோயமுத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்பார்கள். ஸ்டேன்ஸ் துரை தொடங்கி வைத்து, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பெருகிய ஆலைகள். அதில் ஒரு மில்லில், கோல் போடுவான் என்பதற்காகவே சித்தப்பாவைப் பதிலியாகச் சேர்த்துக்கொண்டார்கள். டோர்னமென்ட் காலத்தில் தவறாமல் டோக்கன் கிடைக்கும். மற்ற மாதங்களில் கேட்டில் நின்று காத்திருந்து திரும்பி வரவேண்டும். இந்த வருஷம் பெர்மனென்ட், அடுத்த வருஷம் பெர்மனென்ட் என்று சொல்லிச்சொல்லி ஐந்து வருடம் ஓடியது. வருமானம் போதாமல் பாலக்காட்டுப் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் நடக்கும் செவன்ஸ் ஆட்டத்துக்கும் கூலிக்குப் போனார். அங்கே ஒரு ஆட்டத்துக்கு 50 ரூபாய், ஜெயித்தால் பரோட்டா. தனி டம்ளர் கிடையாது என்பதை மறக்காமல் சொல்வார். ஒரு செவன்ஸ் ஆட்டத்தில் முழங்கால் போனது. அடுத்த மாதம் மில் கேட்டில் அவர் பெயரைக் கூப்பிடவில்லை. காரணமும் சொல்லவில்லை. பதிலிக்கு என்ன காரணம் சொல்லவேண்டியிருக்கிறது? கொஞ்ச வருடத்தில் மில்லையும் மூடிவிட்டார்கள்.

அதற்கு முன்னால் ஒரு நல்ல நாள் உண்டு. 1992இல் சந்தோஷ் கோப்பைப் போட்டி கோயமுத்தூரில் நடந்தது. நேரு ஸ்டேடியத்தில் இறுதியாட்டம். வி.பி. சத்யன் தலைமையில் கேரளம் கோவாவை 3-0 என்று தோற்கடித்தது. கணவாயைத் தாண்டி வந்த மலையாளிகளின் கூட்டத்தோடு சித்தப்பாவும் உட்கார்ந்திருந்தார். சத்யனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. கேரள போலீஸில் விஜயனுக்கு முன்னோடி, நாட்டு அணியின் கேப்டன், பிறகு சென்னை இந்தியன் வங்கிக்கு ஆடியவர். 2006 ஜூலை 18 அன்று பல்லாவரத்தில் ரயில் முன் விழுந்து உயிரைவிட்டார். அவருக்கு வயது 41. விஜயன் ஆட்டத்தை முடித்ததும் 'திமிரு' வந்ததும் அதே வருடம். ஒரு மனிதனின் சாவுக்கு வெளியிலிருந்து காரணம் எழுதக்கூடாது. ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு ஆட்டக்காரன் எங்கே போகிறான் என்று கேட்க ஆள் இல்லாத நாடு இது என்பதை எழுதலாம்.

மறுபடி அந்த நேரு ஸ்டேடியத்துக்குச் சித்தப்பா போனது 2019 மார்ச் 9 அன்று. நான்தான் கூட்டிப்போனேன். சென்னை சிட்டி எஃப்.சி. என்ற அணி கோயமுத்தூரைத் தாய்மைதானமாக வைத்து ஐ-லீக் ஆடிய காலம். கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்காலை முந்திச் சாம்பியன் ஆனது. அந்த அணியின் ஸ்ட்ரைக்கர் உருகுவே நாட்டுக்காரர் பெத்ரோ மான்சி. அந்தப் பருவத்தில் 21 கோல். ஸ்பெயினிலிருந்து இங்கே வந்தவர், 2020 தொடக்கத்தில் ஜப்பானுக்குப் போய்விட்டார். "வெள்ளக்காரனும் ஊரூராத்தான் போறானா?" என்று சித்தப்பா ஆச்சரியப்பட்டார். போகிறான்தான். ஒப்பந்தம் முடிந்தால் எவனும் போகவேண்டியதுதான். அணியும் போய்விட்டது. 2021க்குப் பிறகு சென்னை சிட்டி எந்தத் தேசியப் போட்டியிலும் இல்லை. கொச்சினுக்கு நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. கோப்பை வந்தது, அணி நிற்கவில்லை. அன்றைக்கு ஸ்டேடியத்தில் பந்து பொறுக்கிப் போட்ட பையன்களில் யாராவது நாளைக்கு ஸ்ட்ரைக்கர் ஆக நினைத்தால், இந்த ஊரில் அவனுக்குச் சம்பளம் கொடுக்க மில்லும் இல்லை, சங்கமும் இல்லை.

இனி சித்தப்பாவின் கேள்விக்குப் பதில். ஆமாம், விஜயனுக்கு வேலை இருந்தது. ஆட்டத்தைவிட்ட பிறகு அவர் போலீஸ் வேலையில்தான் இருந்தார். மலபார் சிறப்பு போலீஸில் அதிகாரியாக இருந்து 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். பகானும் பெங்காலும் புகழ் கொடுத்தன. கொச்சின் ஒப்பந்தம் கொடுத்தது. சினிமா பெயர் கொடுத்தது. கடைசிவரை சோறு போட்டது பதினேழு வயதில் கிடைத்த அந்த அரசாங்க உத்தியோகம்தான். திறமை இருந்தால் யாரும் மேலே வரலாம் என்று இந்த வாழ்க்கையைக் காட்டிப் பாடம் நடத்துகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். திறமை விஜயனிடம் இருந்தது. அதற்கு அடியில் ஒரு அரசாங்க வேலையும் இருந்தது. இன்றைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகள் சுருங்கி, பொதுத்துறை அணிகள் கலைந்து, எல்லாம் ஒப்பந்தம் என்று ஆகிவிட்ட பிறகு, திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்கும் இன்னொரு பையன் எந்த வாசல் வழியாக உள்ளே வருவான்?

இடஒதுக்கீடு கேட்டுப் போராடுகிற நாம் இந்த விஷயத்தைச் சின்ன விஷயமாக விட்டுவிட்டோம். பள்ளிக்கூடத்துக்கும் அலுவலகத்துக்கும் பங்கு கேட்டோம். மைதானத்துக்கும், மைதானத்தில் சிந்தும் வேர்வைக்கான கூலிக்கும், கால் உடைந்த பிறகான சோற்றுக்கும் பங்கு கேட்கவில்லை. வளவுக்குப் பின்னாலிருந்த புறம்போக்கில் இப்போது கம்பிவேலி போட்டிருக்கிறது. மில் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்துவிட்டது. மில் அணி ஆடிய மைதானத்தில் கார்கள் நிற்கின்றன.

சித்தப்பா மார்க்கெட்டில் பத்து வருடம் மூட்டை தூக்கினார். முழங்கால் அதையும் தாங்காமல் போகவே இப்போது ஒரு குடோனில் இரவுக் காவல். விஜயன் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சேதியைச் சொன்னபோது டார்ச் லைட்டுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பச் செரி. நெம்ப சந்தோசம்" என்றார். கொஞ்சம் கழித்து, "எனக்கு அந்தப் பெர்மனென்ட் மட்டும் குடுத்திருந்தாங்கன்னா..." என்று ஆரம்பித்தார். அதற்குள் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். ஏறி மிதிக்க இப்போது கால் வருவதில்லை.